ஒன்றரை அங்குலம்

பெரிய டயர் வேண்டும், ஆனால் வண்டி உயரக் கூடாது என்று யாராவது பட்டறை வாசலில் வந்து நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இப்படிக் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படத்தில் பார்த்த வண்டியைக் கேட்கிறவர்கள். அவர்கள் வண்டி ஆயுசுக்கும் ஏறப்போகிற பெரிய மேடு தெருமுனை வேகத்தடைதான். டயர் சுற்ற இடம் வேண்டும், அதற்கு வண்டியைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் தகரத்தை அறுக்க வேண்டும், ரெண்டும் வேண்டாமென்றால் மந்திரவாதியைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அதையே என் அக்கா கேட்டபோது வாய் வரவில்லை.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மலை உச்சியில் உள்ள வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவள். மழையையும் காற்றையும் அளந்து கீழே சொல்கிற வேலை. ஒரு மழைக்காலக் காலையில் பாதை சரிந்து வண்டியோடு உருண்டாள். தனியாகப் போனவள், மதியம்வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்தாள். அதிலிருந்து சக்கர நாற்காலி. மூன்று வருடம் கழித்து இப்போதுதான் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். மேலே சாய்தளம் கட்டியாகிவிட்டது, கழிப்பறைக் கதவை அகலப்படுத்தியாகிவிட்டது, வேலை உனக்குத்தான், ஆனால் யார் துணையும் இல்லாமல் நீயே வந்து நீயே போக வேண்டும், ஏற்றி இறக்க ஆள் போட எங்களால் ஆகாது என்றார்கள். அவள் சம்மதித்துவிட்டாள்.

வண்டி ஒரு பழைய குட்டை ஜீப். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்குகிற மாதிரி நான்தான் மாற்றிக் கொடுத்தேன். ஊருக்குள் என்னைவிட நன்றாக ஓட்டுவாள். சிக்கல் மலைப் பாதையில்தான். மழை மண்ணை அரித்துக் கல்லை மட்டும் விட்டுவைத்திருந்தது. அந்தக் கல் ஜீப்பின் பின் அச்சு நடுவில் தொங்குகிற இரும்பு உருண்டையில் போய் இடித்தது.

"ஸ்பிரிங்குக்கு மேல வளையம் வச்சு ரெண்டு அங்குலம் தூக்கிடலாம்க்கா" என்றேன்.

"தூக்கினா பாடிதான ஏறும். உருண்டை அச்சோட சேர்ந்து அங்கேயேதான் தொங்கும். பெரிய டயர் போட்டாதான்டா அது ஏறும்."

அவள் சொன்னது சரி. எனக்குத் தெரியாததில்லை, சோம்பேறித்தனம் பேசியது. வளையம் வைப்பது அரை நாள் வேலை, தகரம் அறுப்பது அரை வாரம்.

"டயர் போடு, ஆனா சீட்டை ஏத்திடாத. நான் பலகையில சறுக்கி ஏறணும்."

நாற்காலிக்கும் வண்டி சீட்டுக்கும் நடுவே ஒரு வழுவழுப்பான பலகையைப் போட்டு, கையை ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி நகர்ந்து ஏறுவாள். ஏறி உட்கார்ந்ததும் நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி மடிமேல் இழுத்துப் பக்கத்து சீட்டில் போடுவாள். முதல் தடவை பார்க்கிறவர்கள் உதவிக்கு ஓடி வருவார்கள். அவள் பார்வையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுவார்கள்.

எவ்வளவு உயரம்வரை ஏற முடியும் என்று அக்கா வீட்டிலேயே பார்த்தோம். கட்டிலின் உயரத்தை முதலில் ஜீப் சீட்டுக்குச் சமமாக்கி, அதன்மேல் மெல்லிய பலகைகளாக அடுக்கிக்கொண்டே போனோம். அத்தான் டேப்பைப் பிடித்து அளந்தார். அக்காவின் கணவரான அவர் தையல்காரர், கால் அங்குலம் தப்பினாலும் துணியைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிற ஆள். ஒன்றரை அங்குலம் கூடுதல்வரை அக்கா ஏறினாள். அதற்கு மேல் இன்னொரு பலகை வைத்தபோது பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"ஒன்றரை. அதுக்கு மேல ஒரு நூல்கூட வேணாம்" என்றாள்.

பழையதைவிட ரெண்டு அங்குலம் உயரமான டயர் போட்டால் வண்டி ஒரு அங்குலம் ஏறும். கூடுகிற உயரத்தில் மேல் பாதி மட்கார்டுக்குள் போய்விடும், கீழ்ப் பாதிதான் வண்டியைத் தூக்கும். மீதி அரை அங்குலத்துக்கு ஒரு வளையம் வைத்துக்கொள்ளலாம். மற்ற இடம் முழுக்க அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வேலையை ஆரம்பித்தேன். மட்கார்டு உள்பக்கத்து பிளாஸ்டிக்கைக் கழற்றினேன். பம்பரின் ரெண்டு மூலையையும் அறுத்தேன். கதவுக்கு முன்னால் தகரமும் தகரமும் சேர்கிற விளிம்பு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் அதில்தான் முதலில் உரசும். அதைச் சுத்தியலால் அடித்து மடக்கி, துரு ஏறாமல் பெயிண்ட் பூசினேன். டயர் உள்பக்கம் ஸ்பிரிங்கில் முட்டாமல் இருக்க, சக்கரத்தை ஒரு விரல் வெளியே தள்ளி நிறுத்துகிற ரிம் போட்டேன். அகலக்கால் வைக்காதே என்பார்கள். இந்த வேலையில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு மத்தியானம் அத்தான் வந்தார். அவர் பட்டறைக்கு வருவது அபூர்வம். அக்கா விழுந்த பிறகு கடைத்தெருவில் இருந்த தையல் கடையை மூடி, மெஷினை வீட்டுக் கூடத்தில் போட்டுக்கொண்டவர். அவள் போடுகிற கால்சட்டைகளில் பின்பக்கம் தையலே வராதபடி வெட்டித் தைப்பார். உணர்ச்சி இல்லாத உடம்பில் ஒரு தையல் மடிப்பு அழுத்தினாலும் புண்ணாகிவிடும். நாற்காலியில் அவள் உட்காருகிற காற்று மெத்தைக்கும் தினமும் காலையில் அவர்தான் கைப்பம்பால் காற்றடித்துச் சரிபார்ப்பார். இப்படி ஒரு மனுஷன் அமைய என் அக்கா கொடுத்துவைத்தவள் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அறுத்துப் போட்ட தகரத் துண்டை எடுத்துப் பார்த்தார். "நல்ல தகரத்தை எதுக்கு மாப்ளை வெட்டிக்கிட்டு. ரெண்டு அங்குல வளையமே வச்சுடுங்களேன்."

"அக்காவால ஏற முடியாது அத்தான்."

"நான் இருக்கேன்ல. தூக்கி உட்கார வைக்கிறேன். மேல போனதும் இறக்கி விடுறேன்."

"தினமுமா?"

"தினமும்தான். மெஷினை அங்க கொண்டுபோய்ப் போட்டா காத்துமானிக்கு ஒரு சட்டை தைக்கலாம்."

சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் கையிலிருந்த தகரத்தைக் கீழே வைக்கவில்லை.

"துணை இல்லாம வரணும்னுதானே அத்தான் ஆபீஸ்ல கேட்டிருக்காங்க."

"தெரியும். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன. அந்த ஒன்றரை அங்குலத்துல அவளுக்கு அப்படி என்ன இருக்கு?" குரல் இறங்கியது. "அன்னைக்கு அவ எவ்வளவு நேரம் கெடந்தான்னு உங்களுக்குத் தெரியும்ல, மாப்ளை."

தெரியும். கிரைண்டரை ஓடவிட்டேன். அவர் சற்று நேரம் பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் அக்கா போனில் ஒரு மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"கட்டில்ல ஏறவே தம் கட்ட வேண்டியிருக்குடா. முன்னாடி இப்படி இல்ல."

"களைப்பா இருக்கும்க்கா."

ரெண்டு நாள் கழித்து மறுபடி. "இன்னைக்கு அவர்தான் தூக்கினாரு. கைக்குப் பயிற்சி ஏத்த ஏத்த பலம் இறங்குது. சாண் ஏறினா முழம் சறுக்குது."

அப்புறம் ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள். பயிற்சி கொடுக்கிறவர் கையை அசைத்துப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாராம். "நல்லா இருந்தா ஏன் ஏற முடியல?" என்று கேட்டாள். இடுப்போடு நின்ற சனியன் மேலே ஏறி வருகிறதோ என்று பயந்தேன். அதை அவளிடம் கேட்க தைரியம் வரவில்லை. வேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

வண்டி முடிந்தது. காலி வண்டியில் டயர் உரசவில்லை என்பதை நம்பிவிடக் கூடாது. பின்னால் மணல் மூட்டைகளைப் போட்டு, முன் சக்கரம் ஒன்றைக் கட்டைமேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடித்துப் பார்த்தேன். இடது பக்கம் ஓர் இடத்தில் லேசாகச் சீறியது. அதையும் அறுத்தேன். அப்புறம் மூட்டைகளை இறக்கிவிட்டு, சமதரையில் நிறுத்தி, டயரில் காற்றுச் சரிபார்த்து, சீட்டை அளந்தேன். பழைய உயரத்தைவிட ஒன்றரை அங்குலம். ஒரு நூல் கூடவில்லை.

மறுநாள் வாடகை வண்டியில் ரெண்டு பேரும் வந்தார்கள். அக்கா இளைத்திருந்தாள். ஆனால் டயரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பழைய முகம் வந்தது. கையை நீட்டி டயரின் தடித்த ரப்பர்க் கட்டைகளைத் தடவினாள்.

"நல்லா மிரட்டலாத்தான் இருக்கு. என்னைப் பார்த்து உறுமாம இருந்தா சரி."

பலகையைப் போட்டாள். கையை ஊன்றினாள். தூக்கினாள். பாதி வந்து அப்படியே நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தாள். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை பலகை சறுக்கிக் கீழே விழுந்தது.

"ஏத்திட்டடா" என்றாள்.

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. தகரம் வெட்ட சோம்பல் பட்டுப் பெரிய வளையத்தை வச்சுட்ட."

எனக்குச் சுருக்கென்றது. அத்தானிடம் டேப்பைக் கேட்டு வாங்கி, தரையிலிருந்து சீட்டுவரை பிடித்து, அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் கைதான்" என்றாள் கடைசியில்.

"விடும்மா" என்றார் அத்தான். "உடம்பு கேக்கலன்னா என்ன பண்றது. வேற ஏதாவது பார்த்துக்கலாம்."

"பழைய டயரையே மாட்டிடுடா."

அந்த வார்த்தையில் எனக்குத் தலைக்கேறிவிட்டது. முதுகு ஒடிய அறுத்த வேலை ஒரு பக்கம், அவள் கை போய்க்கொண்டிருக்கிறதே என்ற பயம் ஒரு பக்கம். பயத்தை வெளியே காட்டத் தெரியாதவன் கோபத்தைத்தானே காட்டுவான்.

"அறுத்த தகரத்தை ஒட்டவச்சுத் தருவியா? ஒழுங்கா ஒரு தடவை ஏறுக்கா. ஏறப்போறதில்லன்னு முடிவு பண்ணிட்டுக் கையை வைக்கிற நீ."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பலகையை எடுத்துப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வெறியோடு உந்தினாள். சீட்டின் விளிம்பில் பட்டு, நாற்காலிக்கும் வண்டிக்கும் நடுவில் சரிந்தாள். தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டேன். அத்தான் அந்தப் பக்கக் கதவில் நின்றிருந்தார், சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் நான் அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டேன்.

வைத்தபோது என் கை அவளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. விரல் முட்டி நாற்காலியின் அடிப்பலகையில் நங்கென்று இடித்தது. மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் மெத்தை இல்லை. கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினேன், நேராகக் கீழ்ப்பலகைக்குப் போய்விட்டது. காற்று இறங்கின டயரோடு ஓடிவந்த வண்டியின் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

"அக்கா, உன் மெத்தை பங்சர்" என்றேன். என்னையறியாமல் சிரித்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். "உன் கையில ஒண்ணும் இல்ல. நீ பள்ளத்துல உட்கார்ந்து ஏறிக்கிட்டு இருக்க. அதான் எட்டல."

அவளுக்கு எப்படித் தெரியும். உட்காருகிற இடத்தில்தான் அவளுக்கு உணர்ச்சியே கிடையாதே.

நானே அவளைத் தூக்கி ஜீப்பின் சீட்டில் உட்காரவைத்தேன். மெத்தையை எடுத்து வந்து காற்றடித்து, டியூப் பங்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினேன். மெத்தையில் வரிசையாக இருக்கிற ரப்பர் குமிழ்களை ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்த்தேன். திருப்பிப் போட்டேன். வால்வை மூடித் தண்ணீருக்குள் வைத்துக் காத்திருந்தேன். ஒரு சின்னக் கொப்புளம்கூட மேலே வரவில்லை.

அத்தான் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். தண்ணீரையே பார்த்தார். எங்கிருந்தாவது ஒரு கொப்புளம் வந்துவிடாதா என்று என்னைவிட அவர்தான் தவித்தார். அந்தத் தவிப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஓட்டை இல்லாத டியூபில் இத்தனை காற்று தானாக இறங்காது. யாராவது இறக்க வேண்டும்.

சொல்வதா வேண்டாமா என்று நான் யோசித்து முடிக்கவில்லை. ஜீப் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

"எத்தனை நாளா?"

கேட்டது என்னை இல்லை.

"கட்டில்ல பலகை அடுக்கிப் பார்த்தோம்ல. அதுக்கு மறுநாள்லேர்ந்து" என்றார் அத்தான்.

"ஒரேயடியாவா?"

"இல்ல. கால் கால் அங்குலமா."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அதுவும் அளந்து அளந்து. இத்தனை வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக அந்த மனுஷனை அடிக்க எனக்குக் கை எழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அடித்தால் தேவலை என்று நிற்கிற மாதிரி இருந்தது. அதனால் அடிக்கவில்லை.

"புண்ணு வந்திருந்தா?" என்று கேட்டாள் அக்கா.

"தினம் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். லேசா சிவந்தாலும் உடனே காத்து அடிச்சிருப்பேன். நீ மேல போகாம இருந்தா போதும்னுதான். வேற ஒண்ணுமில்ல." "நீ அந்தப் பாதையில போயிருக்கன்னு தெரிஞ்சா என்னால ஊசியில நூல் கோக்க முடியாது. எனக்கு அவ்வளவுதான் தைரியம்."

"பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?"

அக்கா யோசித்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு.

"இல்ல. போயிருப்பேன்" என்றாள். "ஆனா என் கை செத்துப்போச்சுன்னு நெனச்சிருக்க மாட்டேன். எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்த ரெண்டு கைதாங்க. அதையும் நம்ப விடாம பண்ணிட்டீங்க. நான் அழுதப்பல்லாம் நீங்க கண்ணைத் துடைச்சு விட்டீங்க."

பட்டறையில் எனக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. ஈர மெத்தையைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

"அதைக் கொண்டா" என்றாள் அக்கா.

மெத்தையை நாற்காலியில் போட்டு வண்டி ஓரம் தள்ளினேன். அவள் பலகையில் சறுக்கி இறங்கினாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு திரும்பி, கையை ஊன்றி, ஏறினாள். நல்ல கஷ்டப்பட்டாள், கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ஆனால் ஏறிவிட்டாள். ஏறி, ஒவ்வொரு காலாகக் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். மெத்தையை, சக்கரங்களை, நாற்காலியை வரிசையாக இழுத்துப் பக்கத்து சீட்டில் போட்டாள். அத்தான் கூட வந்தால் உட்காருகிற சீட் அது.

"நீங்க பஸ்ல வந்துருங்க" என்றாள் அவரிடம், கோபமே இல்லாத குரலில்.

பட்டறை முற்றம் குறுகல். வெளியே எடுக்க ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தாள். டயர் எங்கேயும் உரசவில்லை. அந்த நேரத்திலும் என் காது அதைத்தான் கவனித்தது என்பதில் எனக்கு வெட்கம். தெருமுனையில் வீட்டுக்குப் போகிற இடது பக்கம் அவள் திரும்பவில்லை. மலைப் பக்கம் திரும்பினாள்.

"அவ வேலையில சேர இன்னும் நாள் இருக்கே" என்றார் அத்தான். கொஞ்சம் பொறுத்து, "மாப்ளை, நீங்க பைக்கை எடுத்துக்கிட்டு அவளுக்குத் தெரியாம பின்னாலயே போங்களேன். தூரமா. திரும்பி வர்றாளான்னு மட்டும் பாருங்க" என்றார்.

பைக் சாவி அதற்கு முன்பே என் கையில் இருந்தது. அவர் கேட்டதால் நான் எடுக்கவில்லை. ஜீப் மலைப் பக்கம் திரும்பியபோதே ஆணியிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். எடுத்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. போக வேண்டும் போல இருந்தது. உடம்பெல்லாம் அதற்குத்தான் துடித்தது. அவரை அடிக்க ஓங்கிய கைதான் இதுவும்.

சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்தான்" என்றேன். "கிளம்புங்க."